பாலத்தில் இறக்கி வைத்த துளசிக் கூடை

மம்சாபுரத்து ஜெப வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பாக்கியநாதன் ஐயா இன்னும் வாசலில் நிற்பார், கையை ஆட்டுவார், நானும் ஆட்ட வேண்டியிருக்கும். எனக்கு ஆட்டுவதற்கு இடது கை மட்டும்தான் மிச்சம் இருந்தது. வலது கை, கழுத்தில் கட்டிய துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. நாற்றம் எனக்கே வந்தது.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் மூட்டை கட்டும் வேலை பார்த்தேன். துணி மூட்டையை இறுக்கிக் கட்டுகிற தகரப் பட்டை ஒரு நாள் தெறித்து உள்ளங்கையைக் கிழித்தது. சூப்பர்வைசர் டாக்டரிடம் போகச் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. போய்விட்டு வந்தால் வேலை இருக்காது என்று நினைத்தேன். உலகத்துக்கெல்லாம் கட்டுத்துணி போகிற இடத்தில், என் காயத்தை மெஷின் துடைக்கிற துணியால் சுற்றிக்கொண்டு மூட்டை தூக்கினேன். காய்ச்சல் வந்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறினேன்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். திருப்பூர், சிவகாசி, கேரளாவில் ரப்பர் தோட்டம், பிளவக்கல் பக்கம் மாந்தோப்புக் காவல் என்று பல இடம் பார்த்தாயிற்று. எந்த ஊரிலும் ஒரு கேள்வி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். "தம்பி எந்த ஊரு?" அதற்குப் பதில் சொன்னால் அடுத்தது, "எந்தத் தெரு?" தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். தெரிந்த பிறகு டம்ளர் மாறும், உட்காருகிற இடம் மாறும், குரல்கூட மாறும். அதனால் என் பெயர் ஞானதுரை என்றாலும் துரை என்று மட்டும் சொல்வேன். தெருவைச் சொல்லவே மாட்டேன். சிரித்துப் பேசுகிற ஆள் என்றால் அவரிடம் இன்னும் இரண்டடி தள்ளியே நிற்பேன்.

ஆண்டவரை நான் நம்பினேன். ஆட்களை நம்பவில்லை. இரண்டும் சேர்ந்தே ஒருவனுக்குள் இருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

பஸ்ஸில்தான் கிளம்பினேன். பக்கத்தில் இருந்த ஆள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திய தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அடுத்த நிறுத்தத்தில் நானே இறங்கிக்கொண்டேன். மம்சாபுரத்தில் ஒரு ஜெப வீடு இருக்கிறது, அங்கே வியாதியஸ்தர்களுக்குத் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள் என்று கம்பெனியில் ஒரு விசுவாசி சொல்லியிருந்தார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். கையை வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். இந்தக் கைதான் எனக்குச் சோறு. நிலம் இல்லை, வீடு இல்லை, படிப்பு இல்லை. கையும் போனால் கோயில் வாசலிலோ சர்ச் வாசலிலோ உட்கார வேண்டியதுதான்.

பாக்கியநாதன் ஐயா அந்தச் சபையின் மூப்பர். இதை எழுத உட்காருவதற்கு முன்னால், அன்று நடந்ததை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "உள்ளதை எழுதுங்க தம்பி" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அன்று காலை அவர் என்னை வாசலில் பார்த்ததும் பதறித்தான் போனார். நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு கேட்டார், "தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"சங்கரன்கோயில் பக்கம் ஐயா."

"பக்கம்னா, ஊருக்குள்ளயா? கொஞ்சம் தள்ளியா?"

"ஆண்டவருக்குள்ள ஐயா" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் புரிந்துகொண்டார். இப்படிச் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறவன் எந்தத் தெருக்காரன் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மறைப்பதே ஒரு விலாசம். உள்ளே போனவர் காகிதக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நம்பிக்கையோடு, உருக்கமாக ஜெபித்தார். ஆனால் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று, கையை என்னை நோக்கி நீட்டியபடி ஜெபித்தார். கை என் தலைக்கு வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஜெபத்தில் கண்ணைத் திறப்பது எனக்குப் பழக்கம்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க தம்பி, தாமதம் பண்ணாதீக" என்றார். நல்ல புத்திதான். ஆனால் நான் வந்தது புத்தி கேட்க அல்ல. எழுந்து நடந்தேன்.

வெயில் ஏறியது. இடது பக்கம் மலை, இரண்டு பக்கமும் தென்னை. காய்ச்சலில் ரோடு மேலும் கீழும் போனது. ஒரு சின்னப் பாலத்துக்கு வந்ததும் அதற்கு மேல் கால் ஓடவில்லை. அதன் குட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். தொங்கவிட்டால் கை வலித்தது என்று வலது கையை இடது கையால் தாங்கி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வாய்விட்டு ஜெபித்தேன். ஜெபம் என்று அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சண்டைதான்.

"ஆண்டவரே, உம்முடைய வீட்டிலும் தெருதான் கேட்கிறார்கள். இனி நான் எங்கே போக? தெரு கேட்காத ஒரு ஆளை அனுப்பும். நம்ம ஆளாக அனுப்பும். இந்தக் கை எனக்கு வேண்டும்."

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போது ஒரு டிவிஎஸ் வண்டி என்னைத் தாண்டிப் போனது. பின் சீட்டில் பெரிய கூடை, சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டியிருந்தது. கூடை நிறையத் துளசி. ஓட்டியவர் நெற்றியில் நாமம். தாண்டிப் போனவர் கொஞ்ச தூரத்தில் வேகத்தைக் குறைத்தார். நின்றார். வண்டியைத் திருப்பினார்.

தாண்டிப் போன ஆள் திரும்பி வந்தால் நல்லதற்கு வருவதாக என் அனுபவத்தில் இல்லை. பாலத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பான். தோப்பில் தேங்காய் காணாமல் போயிருக்கும். ஓடலாம் என்று பார்த்தேன். கால் எழும்பவில்லை.

அவர் இறங்கி நேராக என் முன்னால் வந்து கையை ஓங்கினார். அடி விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

குனிந்த தலையில் கை வந்து உட்கார்ந்தது. பிறகு நெற்றிக்கு இறங்கியது. பிறகு கழுத்துக்கு.

"ஏலே, அடுப்பு மாதிரில்ல கொதிக்குது" என்றார்.

ஊர் கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. வண்டிக்குப் போய் டியூப்பை அவிழ்த்தார். துளசிக் கூடையைத் தூக்கிவந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் பாலத்துச் சுவரில் வைத்தார். "ஏறு."

"கூடை?"

"கெடக்கட்டும். சீட்டு ஒண்ணுதான இருக்கு."

எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. நாமம் போட்ட ஆள், சாமிக்குக் கொண்டுபோகிற துளசியை ரோட்டோரம் வைத்துவிட்டு, சீழ் நாற்றம் அடிக்கிறவனை ஏற்றிக்கொள்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. எங்கே கொண்டுபோகிறார்? கிட்னி எடுக்கிறார்கள் என்று திருப்பூரில் ஒருவன் சொல்லியிருந்தான். ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டேன், "எங்க கூட்டிட்டுப் போறீக?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எந்த ஆஸ்பத்திரி?"

"கெவர்மெண்டு ஆஸ்பத்திரிதான். வேற எதுக்கு என்கிட்ட வசதி இருக்கு? முதுகுல சாஞ்சுக்கோ, விழுந்து தொலைச்சிராத."

நான் சாயவில்லை. கொஞ்ச தூரம் விறைப்பாகவே உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கு நினைவு சரியாக இல்லை. அவர் சட்டை முதுகில் வேர்வையும் துளசி வாசமும் இருந்ததாக ஞாபகம். அப்படியானால் சாய்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கையைக் கீறிச் சீழை எடுத்தார்கள். தாமதித்திருந்தால் கையை எடுக்க வேண்டி வந்திருக்கும், விஷம் மேலே ஏறியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். கை பிழைத்தது. இரண்டு விரல் மட்டும் இன்றைக்கும் முழுதாக மடங்காது. நான் படுத்திருந்த நாளெல்லாம் எனக்குக் கட்டிய துணியின் நெசவைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இராஜபாளையம் பக்கத்துத் துணி போலத்தான் தெரிந்தது. எந்தக் கை கட்டிய மூட்டையில் வந்ததோ.

அவர் பெயர் ரெங்கமன்னார். ஊருக்கு வெளியே கிணற்றுத் தோட்டத்தில் துளசியும் கொஞ்சம் காய்கறியும் போடுகிறவர். தினமும் வந்தார். தூக்குவாளியில் கஞ்சி, சில நாள் ரசஞ்சோறு. நான் வாங்கிச் சாப்பிட்டேனே தவிர, ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். இன்றைக்குக் கேட்பார். இன்றைக்கு நிச்சயம் கேட்பார். கேட்டுவிட்டு வாளியைக் கையில் வாங்காமல் தரையில் வைக்கச் சொல்வார்.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவருக்குத் துணையாக அவர் மனைவி பேச்சியம்மாள் இருந்தார். வார்டு முழுக்க அவர் குரல்தான்.

"ஏலே துரை, கஞ்சி கொண்டு வாராகளே, அவிய உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாது."

"ஒண்ணும் வேணாதவுகளா இம்புட்டுக் கஞ்சி ஊத்துதாக? இந்தா கெடக்காரே, இவுக கூடப் பெறந்த தம்பி உள்ளூர்லதான் இருக்காரு. ஆரஞ்சு ஒண்ணு உரிச்சுக் குடுக்க வரல."

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு" என்றேன்.

"சந்தேகப்படு, சந்தேகப்படு. வாளியக் காலி பண்ணிட்டுச் சந்தேகப்படு."

வார்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் ரெங்கமன்னார் வந்ததும் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, எதுக்கு இதெல்லாம் செய்யிறீக? இப்பமே சொல்லிருங்க. பொறவு கேட்டா என்கிட்டக் குடுக்க ஒண்ணும் கெடையாது."

அவர் வாளி மூடியைத் திறந்துகொண்டிருந்தார். நிறுத்தினார். கோபம் வந்த மாதிரி இருந்தது.

"நான் ஒண்ணும் பெரிய யோக்கியன் இல்லப்பா. மொதல்ல உன்னத் தாண்டித்தான் போனேன். பாத்தேன், பாத்துட்டே போனேன். நாத்தம் வேற. பின்னாடி நாச்சியாருக்குத் துளசி. எங்க அப்பா காலத்துல இருந்து ஒரு நாள் விடாமப் போற துளசி."

"அப்ப ஏன் திரும்புனீக?"

"கண்ணாடி இருக்குல்ல வண்டியில. அதுல பாத்தேன். கைய மேல தூக்கிக்கிட்டு நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்க. போன் பேசுதான்னு நெனச்சேன். செத்த நேரம் பாத்தேன், போன் இல்ல. பக்கத்துல ஆளும் இல்ல. அப்ப யாருகிட்டப் பேசுதான் இவன்? எனக்கு மேல ஓட்ட முடியல."

மூடியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாருகிட்டல பேசுன?"

"ஆண்டவர்கிட்ட."

"என்னன்னு?"

"ஒரு ஆள அனுப்பும்னு."

அவர் கொஞ்ச நேரம் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "அன்னைக்கித் துளசி போகல. கோயில்ல வேற தோட்டத்துல வாங்கிக்கிட்டாக. வீட்டுல எங்க அண்ணன் என்கிட்ட இன்னும் பேசல. சாயந்திரம் பாலத்துக்குப் போய்ப் பாத்தா, துளசியைக் கொட்டிட்டுக் கூடையத் தூக்கிட்டான் எவனோ. புதுக் கூடை." பிறகு அவரே சிரித்தார். "துளசியையாச்சும் மதிச்சு வச்சுட்டுப் போயிருக்கான். பக்திமான்தான்."

அன்று இரவு போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என் ஜெபம் வானத்துக்குப் போயிற்றோ என்னவோ, அதற்கு முன்னால் அந்த வண்டிக் கண்ணாடியில் விழுந்திருக்கிறது.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன கதையை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். தூக்கிவிட்டவனைப்போல் இருங்கள் என்றுதான் எல்லாப் போதகர்களும் சொல்வார்கள். கிடந்தவனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அவனுடைய ஆட்கள், தூக்கிவிட்ட அந்த வேற்று இனத்தானோடு புழங்க மாட்டார்கள். நல்ல நேரமாக இருந்திருந்தால் அந்தக் கையை அவன் தட்டிவிட்டிருப்பான். அந்தக் கை காயத்தில் எண்ணெய் வார்த்ததும் ஒரு அற்புதம், இவன் தட்டிவிடாமல் கிடந்ததும் ஒரு அற்புதம். எனக்கு இது பிரசங்கத்தில் விளங்கவில்லை, கட்டிலில் விளங்கியது. நானும் மனதுக்குள் அவரிடம் தெருதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாமத்தைப் பார்த்த அந்த நிமிஷமே அவர் யார், எப்படிப்பட்டவர் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அடுத்த நாள் பாக்கியநாதன் ஐயா வார்டுக்குள் வந்தார். காய்ச்சலில் நான் மம்சாபுரத்து ஜெப வீட்டைப் பற்றி உளறியிருக்கிறேன். ரெங்கமன்னார் அண்ணாச்சி தேடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வந்திருக்கிறார், வேறென்ன, என்று நினைத்தேன். பழைய புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஐயா கால்மாட்டில் நின்றார்.

"நாமம் போட்டவர் ஒருத்தர் வந்தாரு தம்பி. 'உங்க ஆளு ஒருத்தரு ஆஸ்பத்திரியில கெடக்காரு'ன்னாரு. எங்க ஆளான்னு கேக்க வாயெடுத்துட்டேன். கேட்டா நான் என்ன ஊழியக்காரன்?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் போர்வையை இழுத்து என் பாதத்தை மூடினார். மூடிய கையை எடுக்கவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார். தலையில் வைக்காமல் விட்ட கை என் காலில் இருந்தது. நான் வழக்கம்போலக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவரும் கண்ணைத் திறந்திருந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். பேச்சியம்மாள்தான் சத்தமாக ஆமென் சொன்னார். அவர் சபைக்காரரே இல்லை.

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. மம்சாபுரத்து ஜெப வீட்டில் இப்போது எல்லாருக்கும் ஒரே டம்ளர்கள்தான். அதில் குடிக்காமல் வீட்டுக்குப் போய்க் குடிக்கிறவர்களும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். ஐயா அவர்களுக்காக ஜெபிக்கிறார். எனக்கும் ஊர் விட்டு ஊர் போகிற கால் இன்னும் அரிக்கிறது. யாராவது சிரித்தால் இன்னும் ஒரு அடி தள்ளித்தான் நிற்கிறேன். முன்பு இரண்டடி.

என்னைப்போல் ஏமாந்து ஏமாந்து காய்த்துப்போனவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சந்தேகம் தீர்ந்த பிறகு ஜெபிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். சந்தேகத்தோடேயே கேளுங்கள். சண்டை போட்டுக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். தெரு கேட்காத ஆள் வேண்டும் என்றேன், வந்தார். நம்ம ஆளாக வேண்டும் என்று கேட்டதை மட்டும் ஆண்டவர் தள்ளிவிட்டார் என்று பல நாள் நினைத்திருந்தேன். இல்லை, அதையும் அப்படியே கொடுத்திருக்கிறார். எனக்குத்தான் ஆளை அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று அண்ணாச்சி கேட்டார், "எங்க போற?"

"தெரியல."

"தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் வேணும். வெளிப்படையாச் சொல்லிடுதேன், துளசி பறிக்கிறது எங்க வீட்டு ஆளுகதான். அது எங்க வழக்கம், எங்க அண்ணன் விடமாட்டாரு. தண்ணி நீ பாய்ச்சு. மோட்டார் ரூம்ல படுத்துக்கோ."

அதில் ஒரு கோடு இருந்தது. எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. மறைக்காமல் சொன்னதால் சரி என்றேன்.

மறுநாள் விடிந்ததும் மோட்டாரைப் போடப் போனேன். அண்ணாச்சி துளசி நிறைத்த கூடையோடு வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பழைய கூடை போன பிறகு வாங்கியது, வாய் அகலம், டியூப் எட்டவில்லை. சுற்றிப் பார்த்தார். அண்ணன் கிணற்றுப் பக்கம் இருந்தார், இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே பார்க்காததுபோல் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"தண்ணி பொறவு பாய்ச்சலாம். ஏறு" என்றார் அண்ணாச்சி. "கூடைய மடியில வச்சுப் பிடி. கோயில் தெரு முக்குல இறக்கி விட்டுருதேன், நான் உள்ள கொண்டு போயிக்கிடுதேன்."

எதற்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இடது கையால் கூடையை அணைத்துக்கொண்டு ஏறினேன். கட்டுப்போட்ட வலது கையை அதன் விளிம்பில் வைத்துக்கொண்டேன். அவர் சாமிக்குப் போகிற துளசி. என் ஆண்டவர் பிழைக்க வைத்த கை.

பாலம் வந்தது. சுவரில் யாரும் இல்லை. அண்ணாச்சி வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியைப் பார்த்தார். நானும் திரும்பி, பாலம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன்.